சிமெண்டா, ட்ரிப்ஸா, பெல்ட்டா? கணையக்காரரின் முதுகெலும்புக்கு எது முதலில்

மச்சான் மூட்டை எதையும் தூக்கவில்லை. கிணற்று மோட்டாருக்கு ஃபியூஸ் மாற்ற எட்டியவர் சட்டென்று திரும்பியிருக்கிறார். நடு முதுகில் ஏதோ மடிந்ததுபோல் இருந்ததாம். இரண்டு நாள் தைலம் தேய்த்தார்கள், மூன்றாம் நாள் ஊசி போட்டார்கள், பத்தாம் நாள்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள். மார்புப் பகுதியின் பன்னிரண்டாவது முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கி, மரம் பிளக்கும் ஆப்பு மாதிரி நின்றது. வயது 46.

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு வைத்தியம் என்றால் எப்போதும் இரண்டு திசை. கிழக்கே வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். மேற்கே பாலக்காடு, அதற்கும் அப்பால் திருச்சூர். மச்சான் இரண்டு பக்கமும் போய்விட்டு மூன்று சீட்டுகளோடு என் கடைக்கு வந்தார். கிழக்கே பார்த்த டாக்டர், நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் வைத்துவிடலாம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறார். மேற்கே பார்த்தவர் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ட்ரிப்ஸ் எழுதியிருக்கிறார். உள்ளூர் எலும்பு டாக்டர் பெல்ட், கால்சியம், வாரம் ஒரு மாத்திரை என்று முடித்துவிட்டார். “மாப்பிள்ளை, நீங்கள்தானே மருந்தோடு புழங்குகிறீர்கள். இதில் எது?” என்று கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. 19 வருடமாக மருந்தாளுநர். தமிழ் பேசுகிறவர்களின் சீட்டும் மலையாளம் பேசுகிறவர்களின் சீட்டும் ஒரே மேசைக்கு வருவதால், யார் என்ன எழுதுகிறார்கள், அதை வாங்கிப் போனவர் என்ன செய்கிறார், ஆறு மாதம் கழித்து எப்படி வருகிறார் என்பதெல்லாம் கண்ணில் படும். அந்த மூன்று சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. மச்சான் பன்னிரண்டு வருடமாகக் கணைய நோயாளி. கணையக் குழாயில் கல் அடைத்து ஒருமுறை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மூன்று சீட்டுகளில் ஒன்றிலும் கணையம் என்ற சொல்லே இல்லை. அவர்கள் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. வயிறு வேறு, முதுகு வேறு என்பது இவர் கணக்கு.

கணக்கு அங்கேதான் தப்புகிறது. கொழுப்பைச் செரிக்க வைக்கும் லைபேஸ் என்னும் நொதியைச் சுரப்பது கணையம். நாள்பட்ட அழற்சியில் அது சுருங்கிக் கல்லாகிப்போனால், சாப்பிட்ட கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறும். மலம் எண்ணெய் படிந்து, நாற்றமெடுத்து, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மிதக்கும். கொழுப்போடுதான் வைட்டமின் டி உடம்புக்குள் ஏறும். கொழுப்பு போனால் அதுவும் போகும். வைட்டமின் கே-வுக்கும் அதே கதி. எலும்பின் புரதத்துக்கு அதுவும் தேவை. மிச்சமிருக்கிற கால்சியத்தையும் செரிக்காத கொழுப்பு அமிலங்கள் குடலிலேயே பிடித்துச் சோப்பு மாதிரி ஆக்கிவிடுகின்றன. இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு தன் சேமிப்பில் கை வைக்கும். அந்தச் சேமிப்புதான் எலும்பு. சர்க்கரை, புகை, மது, ஓயாத அழற்சி, வலிக்குப் பயந்து குறைத்துச் சாப்பிடுவது எல்லாம் அதன்மேல் சேர்கின்றன. முள்ளெலும்பின் உள்ளே தேன்கூடு மாதிரிச் சல்லடையான பகுதி அதிகம் என்பதால் முதலில் நசுங்குவது அதுதான்.

இது அபூர்வமான விஷயம் என்றும் சொல்ல முடியாது. பத்து ஆய்வுகளில் இருந்த 513 கணைய அழற்சி நோயாளிகளை ஒன்றுசேர்த்து 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய், இருந்தது; எலும்பு அடர்த்தி ஏதோ ஓர் அளவில் குறைந்தவர்களையும் சேர்த்தால் மூன்றில் இருவர். கணைய அழற்சி உள்ள எல்லோருக்குமே ஆரம்பத்தில், எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் ஒன்று எடுத்து வைப்பது பொருத்தம் என்று 2017இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. மச்சானுக்குப் பன்னிரண்டு வருடத்தில் வயிற்று ஸ்கேன் எத்தனை எடுத்தார்கள் என்பது கணக்கில்லை. எலும்பை யாரும் பார்த்ததில்லை.

கேரளத்துக்கும் இந்த நோய்க்கும் பழைய உறவு உண்டு. மது தொடாத இளம் வயதினருக்குக் கணையத்தில் பெரிய பெரிய கற்கள், கூடவே சர்க்கரை நோய் என்று வெப்பநாடுகளில் காணப்படும் வகையை 1959இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா எழுதினார். 1960களில் தொடங்கி டாக்டர் கீவர்கீஸ் கேரள நோயாளிகளைப் பெரும் எண்ணிக்கையில் ஆராய்ந்து இதை உலகுக்குக் காட்டினார். கப்பக்கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று வெகுகாலம் பேசினார்கள்; நாங்கள் குச்சிக்கிழங்கு என்கிறோமே, அதேதான். பிற்பாடு அந்தக் குற்றச்சாட்டு வலுவிழந்து, ஸ்பிங்க் 1 போன்ற மரபணு மாற்றங்கள் முன்னுக்கு வந்தன. மச்சான் அந்த வகை. கேரளத்துக் கள்ளுக் கடைகளுக்குக் கள் அனுப்பும் சித்தூர் தாலுக்காவில் தென்னந்தோப்பு வைத்துக்கொண்டு, நான் குடித்ததே இல்லை என்றால் எந்த டாக்டர் நம்புவார்? ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிடம் அந்த வழக்கிலேயே போய்விடும் என்று சலித்துக்கொள்வார்.

இனி ஒப்பீடு. அதற்கு முன் ஒரு கேள்வியை முடித்துவிட வேண்டும்.

நசுங்கியது எதனால்?

கணைய வலியே முதுகுக்குப் பரவும். இதனால் பல நோயாளிகள் புது முதுகுவலியைப் பழைய வலியின் தொடர்ச்சி என்று விட்டுவிடுகிறார்கள். அனுபவத்தில் நான் கவனித்த வேறுபாடு, டாக்டர்களும் சொல்வதுதான்: கணைய வலிக்காரர் மல்லாந்து படுக்கச் சிரமப்படுவார், குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் தேவலை என்பார். முள்ளெலும்பு நசுங்கியவர் நேர்மாறு. படுத்தால் நிம்மதி; எழுந்தாலும் குனிந்தாலும் உயிர் போகும்; அந்த இடத்தில் விரலால் தட்டினால் சுருக்கென்று இருக்கும். உயரம் குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

நசுங்கியதாலேயே அது எலும்புப்புரை என்று முடிவுகட்டவும் கூடாது. சர்க்கரை உள்ளவருக்கு முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் சாதாரணமாக வரக்கூடியது. மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இரவில் எழுப்பும் வலி இருந்தால் எம்ஆர்ஐ பார்க்காமல் எந்தச் சிகிச்சையும் தொடங்கக் கூடாது. நாள்பட்ட கணைய அழற்சியில் புற்றுநோய் அபாயமும் கூடுதல். அது எலும்புக்குப் பரவியிருக்கலாம். மிக அரிதாக, கணைய நொதிகள் இரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜையின் கொழுப்பையே கரைத்து அந்த எலும்பைச் சாகடிப்பதும் உண்டு. அப்போது மூட்டு வீக்கமும், காலில் தோலுக்கடியில் வலிக்கும் சிவந்த கட்டிகளும் கூடவே வரும். மச்சானுக்கு எம்ஆர்ஐயில் இவை எதுவும் இல்லை. அந்த ஒரு செலவை மட்டும் நான் வற்புறுத்திச் செய்ய வைத்தேன்.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் முதுகில் எது வந்தாலும் ‘தேய்மானம்’. மூட்டுத் தேய்ந்தாலும், வட்டு பிதுங்கினாலும், எலும்பு சல்லடையானாலும் ஒரே பெயர். தேய்மானம் என்றதும் வயசாச்சு, சகித்துக்கொள் என்று அர்த்தமாகிவிடுகிறது. எலும்புப்புரை மருந்துக்கு அடங்கும் நோய்; அதைத் தேய்மானம் என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு வீணாகிறது.

சிமெண்டும் பெல்ட்டும்

சிமெண்ட் என்றால் வீட்டுக்குப் போடுவது இல்லை. பாலிமீத்தைல் மெதாக்ரிலேட் என்ற பிசின். 1984இல் பிரான்சில் முதலில் செய்தார்கள். தடித்த ஊசியை முள்ளெலும்புக்குள் செலுத்தி, குழம்பாக இருக்கும்போதே உள்ளே நிரப்ப வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும். வலியில் துடிப்பவருக்கு மறுநாளே எழுந்து நடக்கலாம் என்று சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது?

2009இல் ஒரே மருத்துவ இதழில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. பாதிப் பேருக்குச் சிமெண்ட். மீதிப் பேருக்கு ஊசி போடுவதுபோல் போட்டு, மரப்பு மருந்து மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. இரண்டு கூட்டத்துக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. அதன்பின் 2016இல் ஆறு வாரத்துக்குள் வந்த கடும் வலிக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வில் சிமெண்டுக்குப் பலன் தெரிந்தது; 2018இல் இன்னொன்றில் தெரியவில்லை. ஆக, முதல் சில வாரங்களில், படுக்கையை விட்டு எழவே முடியாதவருக்கு, வேறு எதற்கும் வலி அடங்காதபோது யோசிக்கலாம். எல்லோருக்குமான வழி அது கிடையாது. பிசின் கசிந்து தண்டுவடப் பக்கமோ இரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்கோ போகும் ஆபத்தும் உண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. சிமெண்ட் ஓர் எலும்பை நிரப்புகிறது. மேலும் கீழும் இருக்கும் எலும்புகளும் அதே சல்லடைதானே? தோப்பில் ஒரு தென்னை சாய்ந்தால் அதற்கு முட்டுக் கொடுத்துவிட்டு, மற்ற மரங்களின் வேரைத் தின்கிற வண்டைப் பார்க்காமல் வருவோமா என்று மச்சானிடம் கேட்டேன். அவருக்கு அது பிடித்துவிட்டது. கோயம்புத்தூர் சீட்டு அந்த நிமிடமே சட்டைப்பைக்குப் போய்விட்டது.

பெல்ட்டின் பக்கம் ஆதாரம் அதிகமில்லை. ஆனால் செலவும் ஆபத்தும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் இந்த வலி தானாக அடங்குகிறது. அதுவரை எழுந்து நடமாட ஒரு பிடிமானம் என்ற அளவில் பெல்ட் நல்லது. மாதக்கணக்கில் கட்டியே வைத்திருந்தால் முதுகுத் தசை சோம்பேறியாகிவிடும். முழுநேரப் படுக்கை அதைவிட மோசம். எலும்புக்குச் சுமை வேண்டும். படுக்கையில் அது இன்னும் கரையும். மச்சானின் அம்மா, என் அத்தை, மகனைக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் மூன்று வாரம் பார்த்துக்கொண்டார். பாசம்தான், என்ன செய்வது.

எலும்பு மருந்துகளில் எது?

வாரம் ஒரு மாத்திரை என்று உள்ளூர் டாக்டர் எழுதியது அலெண்ட்ரோனேட், 70 மில்லிகிராம். மலிவு, பழகிய மருந்து. ஆனால் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். முள்ளெலும்பு நொறுங்கியவரை அரை மணி நேரம் நிமிர்ந்து உட்காரச் சொல்வது தண்டனை. நல்ல குடலிலேயே இந்த மாத்திரையில் நூற்றில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை. உணவுக்குழாயை எரிக்கும் குணமும் உண்டு. கணையக்காரருக்கு மேல்வயிற்றில் எரிந்தால் அது எந்த எரிச்சல் என்று யார் பிரித்துச் சொல்வது? எனக்கு இந்த மாத்திரைமீது கோபம் ஒன்றுமில்லை. குடல் நன்றாக உள்ள பாட்டிகளுக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்து வருகிறேன். மச்சானுக்குப் பொருந்தாது.

ட்ரிப்ஸ் என்பது சோலெட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம், ஆண்டுக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிடம் ஏற்றுவது. குடலை நம்பாமல் நேரே இரத்தத்துக்குப் போவதுதான் இதன் பெரிய பலம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்து 2007இல் வெளியான பெரிய ஆய்வில், மூன்று ஆண்டில் முள்ளெலும்பு முறிவுகள் 70 சதவீதம் குறைந்தன. எலும்புப்புரை உள்ள ஆண்கள் 1,199 பேரிடம் நடந்த ஆய்வு 2012இல் வந்தது. அதில் இரண்டு ஆண்டில் 67 சதவீதம். இவை கணைய நோயாளிகளை வைத்துச் செய்தவை அல்ல என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் நம்பிக்கைக்கு இடம் தருகிற எண்கள். முதல் ட்ரிப்ஸுக்குப் பின் இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் கூடாது. ஆடும் பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தால் முன்கூட்டியே பிடுங்கி ஆற வைக்க வேண்டும், ஏனென்றால் இந்த மருந்துக்குப் பின் தாடை எலும்பு ஆறாமல் போவது அரிதாக நடக்கிறது. வெற்றிலைப் புகையிலை போடும் தோப்புக்காரர்களுக்கு இது வெறும் எச்சரிக்கையாக நின்றுவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சில வருடம் முன்பு, கணைய நோய் உள்ள ஒரு பெண்மணி ட்ரிப்ஸ் ஏற்றிய ஐந்தாம் நாள், இரண்டு கை விரல்களும் குவிந்து மடங்கி, வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்று கடை வாசலில் வந்து நின்றார். இரத்தத்தில் கால்சியம் தரைமட்டம். ஏற்றிய இடத்தில் வைட்டமின் டி பார்க்கவே இல்லை. சோலெட்ரானிக், எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வரும் கதவைச் சாத்துகிறது. குடல் கதவோ ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. பிறகு இரத்தத்துக்குக் கால்சியம் எங்கிருந்து வரும்? அன்றிலிருந்து சோலெட்ரானிக் கேட்டு வருகிற எவரிடமும் “டி எவ்வளவு, கால்சியம் எவ்வளவு, கிரியாட்டினின் எவ்வளவு?” என்று மூன்றையும் கேட்காமல் கொடுப்பதில்லை; கடைசியது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு. இதனால் வியாபாரம் போயிருக்கிறது. போகட்டும்.

கணையக்காரர்களில் சிலருக்கு இருப்பது எலும்புப்புரையே இல்லை, எலும்பு மென்மை. வைட்டமின் டி இல்லாமல் எலும்பு சுண்ணாம்பு ஏறாத சுவராகிவிடும். தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது, தொடை சோரும், இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி ஏறியிருக்கும். டெக்சாவில் இரண்டும் ஒரே மாதிரிக் குறைவாகத்தான் தெரியும். இவருக்கு ட்ரிப்ஸ் ஏற்றுவது தப்பு. டியும் கால்சியமும் கொடுத்தாலே எலும்பு தேறும்.

தினசரி ஊசி டெரிபாரடைடு, 20 மைக்ரோகிராம். மற்றவை எலும்பு கரைவதைத் தடுக்கும். இது புது எலும்பைக் கட்டும். இரண்டு ஆண்டு வரை போடலாம். நிறுத்தியதும் வேறொரு மருந்தால் காப்பாற்றாவிட்டால் கட்டியது கரைந்துபோகும். பேனா ஊசியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், திறந்த 28 நாளில் எறிய வேண்டும். மச்சானுக்கு ஊசி பயம் இல்லை, இன்சுலின் கை பழகியது. இரண்டு மூன்று முள்ளெலும்பு நசுங்கியவருக்கு நானே இதைத்தான் கேட்கச் சொல்வேன். விலைதான் இடிக்கிறது. வைட்டமின் டி குறைவால், எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும் பாராதைராய்டு ஹார்மோன் ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு முதலில் அதைச் சரிசெய்யாமல் இதைத் தொடங்குவதும் சரியல்ல.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். வேலை செய்யும் மருந்துதான். ஆனால் தேதி தவறினால் முள்ளெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கும் ஆபத்து உண்டு. அறுவடை, கல்யாணம், கோயில் நோன்பி என்று தேதி தள்ளிப்போடும் எங்கள் ஊருக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் துணிவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால்

மூன்று சீட்டிலும் இல்லாததும், நான் முதலில் கேட்டதும் ஒன்றே: “மச்சான், கணையக் கேப்சூல் எப்போது விழுங்குகிறீர்கள்?”

“காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, இன்சுலின் போடும்போதே.”

அதாவது சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில். மதியச் சாப்பாட்டுக்குக் கிடையவே கிடையாது. பன்னிரண்டு வருடமாக! அந்த கேப்சூலில் இருப்பது கணையம் சுரக்கத் தவறும் நொதி, சோற்றோடு கலந்தால்தான் வேலை செய்யும். முதல் கவளத்தோடு பாதி, நடுவில் மீதி. மெல்லக் கூடாது, சூடான கஞ்சியில் கொட்டக் கூடாது, வெயிலில் நிறுத்திய வண்டிப் பெட்டியில் வைக்கக் கூடாது. ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ் வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதலின் அளவு. பலகாரத்துக்கு அதில் பாதி. மச்சான் விழுங்கியது ஒரு நாளைக்கே 20,000. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே அது எந்த மூலைக்கு?

இன்னொரு தவறு வீட்டுக்குள் நடந்தது. கணையம் கெட்டவருக்கு எண்ணெய் ஆகாது என்று யாரோ சொன்னதை அத்தை வேதமாகப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டு வருடம் தேங்காயும் நெய்யும் நீக்கிய சோறு போட்டார். ஆள் வேட்டி நழுவுகிற அளவுக்கு இளைத்தார். இப்போதைய உணவு வழிகாட்டுதல்கள் அப்படிச் சொல்வதில்லை: நொதி போதுமான அளவு கொடு, கொழுப்பைச் சாதாரணமாகச் சாப்பிட விடு, அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் குறை.

இந்த கேப்சூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. இதைச் சொல்லாமல் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதுநகரத்து ராவுத்தர் ஒருவர் கேட்டுவிட்டு, பள்ளிவாசலில் விசாரித்து, உயிர் காக்கும் மருந்து என்ற முறையில் மறுநாள் வந்து வாங்கிப் போனார். அக்ரகாரத்து மாமி ஒருவர் வேண்டவே வேண்டாம் என்று, செரிமானத்துக்கு விற்கும் இனிப்பு டானிக்கைக் கேட்டார். பூஞ்சையிலிருந்தும் பப்பாளியிலிருந்தும் எடுத்த நொதிகள் உள்ள அந்த டானிக்கில் இந்த வேலைக்கு வேண்டிய லைபேஸ் கிடையாது. அதையும் சொன்னேன். முடிவு அவருடையது.

கேப்சூல் வேண்டுமா என்றே சந்தேகம் இருந்தால் மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கலாம். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 100க்குக் கீழே இருந்தால் மிகக் குறைவு. மச்சானுக்கு மலமே சாட்சி என்பதால் அந்தச் செலவு தேவைப்படவில்லை.

வைட்டமின் டிக்கு வருவோம். வாரம் ஒன்று குடிக்கும் 60,000 யூனிட் பொடி எல்லாருக்கும் தெரிந்தது. கணையக்காரர் அதை வெறும் தண்ணீரில் கலந்து குடிப்பது வீண். சாப்பாட்டோடு, கேப்சூலோடு, கொஞ்சம் கொழுப்போடு எடுக்க வேண்டும். வாரம் என்று எழுதியதைத் தினமும் குடித்து, கால்சியம் ஏறி, வாந்தியோடு வந்தவர்களும் உண்டு, கவனம். குடல் அறவே ஒத்துழைக்காதவருக்குத் தசையில் போடும் பெரிய ஊசி இருக்கிறது. போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, அளவைக் கூட்டிக் குறைக்க வழியில்லை என்பதால் நான் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். கால்சிஃபெடயால் என்ற வடிவம் கொழுப்பை அவ்வளவாக நம்பாமல் உள்ளே போகும். உறிஞ்சும் திறன் குறைந்தவருக்கு நல்ல நடுவழி. வெயிலில் நிற்கும் விவசாயிக்கு டி எப்படிக் குறையும் என்று மச்சான் கேட்டார். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, பத்து மணிக்குத் தோப்பு நிழல். அவருடைய அளவு மில்லிலிட்டருக்கு 9 நானோகிராம்; 20 இருந்தால்தான் போதுமானது என்பார்கள்.

எந்தப் பக்கம் போவது?

இதை நீட்ட விரும்பவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு கேரளம். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு அந்த மாநிலக் குடும்ப அட்டைக்குத்தான், எங்களுக்குக் கேரளத்தின் காருண்யா காப்பீடு. கோயம்புத்தூரில் எல்லாம் விரைவாக நடக்கும், ஆனால் ரொக்கம். பாலக்காட்டிலும் திருச்சூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு; காத்திருக்க வேண்டும், மொழியும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மலையாளத்தில் ‘வலி’ என்றால் இழுப்பு. முதுகு வலிக்கிறது என்று சொல்ல நினைப்பவர் ‘வேதனை’ என்றே சொல்லப் பழக வேண்டும். டெக்சா எடுக்க எந்தப் பக்கம் போனாலும் அடுத்த முறையும் அதே இயந்திரத்தில் எடுங்கள். இயந்திரம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது.

மச்சான் கடைசியில் செய்தது: எம்ஆர்ஐ முடித்து, கணைய டாக்டரையும் எலும்பு டாக்டரையும் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேச வைத்தார். அது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. மூன்று வேளையும் கேப்சூலை உயர்த்தினார்கள். பொடியும் கால்சியமும் சாப்பாட்டோடு. பெல்ட் ஆறு வாரம். பதினான்கு வாரத்தில் டி 31 ஆனது, எடை நான்கு கிலோ ஏறியது, அல்கலைன் பாஸ்பட்டேஸ் இறங்கியது. அதன்பிறகுதான் ட்ரிப்ஸ். இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது, விரல் மடங்கவில்லை. சிமெண்டைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

இப்போது புதுப் பிரச்சினை ஒன்றோடு வந்திருக்கிறார். கார்த்திகையில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போக வேண்டுமாம். விரதத்தில் ஒருவேளைதான் சாப்பாடு, கேப்சூல் எத்தனை, இன்சுலின் எவ்வளவு என்று கேட்கிறார். சாப்பிடுகிற வேளைக்குத்தான் கேப்சூல், இன்சுலின் கணக்கை டாக்டரிடம் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். தலையில் இருமுடி ஏற்றி மலை ஏறலாமா என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அதையும் டாக்டரிடமே கேட்கச் சொல்லிச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை முதல் வரியில் ‘கணைய நோயாளி’ என்று எழுதியிருக்கிறது.